வாய் மருத்துவத்தில் மேற்படிப்பு: பல் மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“ஓரல் மெடிசினா? அப்போ கையில வேலையே இருக்காதே!” இந்தத் துறையை எடுத்தவர்கள் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வசனம் இது. சொல்பவர் பெரும்பாலும் நம்மோடு பி.டி.எஸ். (பல் மருத்துவ இளநிலைப் பட்டம்) படித்து, அறுவை சிகிச்சையிலோ பல் சீரமைப்பிலோ சேர்ந்த நண்பராக இருப்பார். அவர் சொல்வதில் பாதி உண்மைதான். டிரில் பிடிக்கும் நேரம் இங்கே குறைவு. கேட்பது, பார்ப்பது, விரலால் தொட்டுப் பார்ப்பது, மருந்து எழுதுவது, அப்புறம் அதே ஆளை இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது. இதுதான் வேலை. அந்தக் கடைசி வேலையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் நான் கற்றதில் பெரும்பகுதி திரும்பி வந்த நோயாளிகளிடம் கற்றது. அதனால் இந்த வழிகாட்டியில் அவர்கள் அடிக்கடி தலைகாட்டுவார்கள்.

சரி, துறைக்குள் என்னென்ன வரும்? ஆறாத வாய்ப்புண், வெள்ளை, சிவப்புத் திட்டுகள், கொப்புளம், நாக்கு எரிச்சல், வாய் வறட்சி, உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம், தாடை மூட்டு வலி, பல்லில் காரணம் தெரியாத முகவலி. இவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், புற்றுநோய், ரத்தநோய், இதயநோய், உறுப்பு மாற்று என்று உடம்பு ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்களுக்குப் பல் சிகிச்சையைத் திட்டமிடுவது. இந்தியாவில் எக்ஸ்-ரே துறையும் இதனுடன் ஒட்டிக்கொண்டு ‘ஓரல் மெடிசின் அண்ட் ரேடியாலஜி’ என்று ஒரே பட்டமாக வருகிறது. அமெரிக்காவில் இரண்டும் தனித்தனி. அங்கே வாய் மருத்துவத்துக்குத் தனிச்சிறப்புத் துறை என்ற அங்கீகாரம் கிடைத்ததே 2020 மார்ச்சில்தான். அமெரிக்க வாய் மருத்துவ வாரியம் 1956-லேயே தொடங்கிவிட்டது என்பதை நினைத்தால், எவ்வளவு பொறுமையான துறை என்று புரியும்.

சேரும் முன்: மூன்று நாள் ஓ.பி.யில் உட்காருங்கள்

மதிப்பெண் இழுத்துக்கொண்டு போய் விட்ட இடத்தில் சேர்ந்து, பிறகு இந்தத் துறையை விரும்பியவர்கள் நிறையப் பேர் உண்டு. விரும்பாமலே மூன்று வருடத்தை ஓட்டியவர்களும் உண்டு. உங்களால் முடிந்தால், முடிவெடுக்கும் முன் ஏதாவது ஒரு வாய் மருத்துவப் பிரிவில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முதல் நாள் எல்லாமே சுவாரசியமாகத்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். மூன்றாம் நாள் மதியம், நாக்கு எரிகிறது என்று நாலாவது முறையாக வந்திருக்கும் ஒருவர் முதலிலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். அப்போது உங்கள் கண் கடிகாரத்துக்குப் போகிறதா, அவர் முகத்திலேயே நிற்கிறதா? பதில் அங்கே இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் யோசியுங்கள். சிகிச்சை முடிந்ததும் கண்ணாடியைக் காட்டி “பாருங்க, எப்படி இருக்கு” என்று கேட்கும் சந்தோஷம் இங்கே அபூர்வம். வாயில் வெள்ளைக் கோடுகளோடு எரிச்சல் தரும் லைக்கன் பிளானஸ் வந்தவருக்கு எரிச்சல் குறையும், கோடுகள் இருக்கும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்பவருக்கு இந்தத் துறை சரிப்படாது.

எந்த வழியாக நுழைவது

இந்தியாவில் பி.டி.எஸ். முடித்து, 12 மாத இன்டர்ன்ஷிப்பும் முடித்து, எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டத்துக்கான நுழைவுத் தேர்வான நீட் எம்.டி.எஸ். எழுத வேண்டும். 240 கேள்விகள், 3 மணி நேரம், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். ஆக மொத்தம் 960. அரசுக் கல்லூரி இடங்களில் 50 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. அதையும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களையும் எம்.சி.சி. (மருத்துவக் கலந்தாய்வுக் குழு) நிரப்புகிறது. மீதி அரசு இடங்கள் மாநிலக் கலந்தாய்வில் வரும். படிப்பு மூன்று வருடம். கலந்தாய்வு விதிகளும் தேதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வருடத்துக் குறிப்பேட்டைப் பொறுமையாக முழுதும் படியுங்கள். சீனியர் சொன்னது அவருடைய வருடத்துக்கான விதி.

அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற பெயரில், அங்கீகார ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற இடங்களில் குறைந்தது இரண்டு வருடம். வெளிநாட்டில் படித்தவர்களிடம் பல இடங்களில் ஐ.என்.பி.டி.இ. என்ற அமெரிக்கத் தேசியப் பல் மருத்துவத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, மதிப்பெண் சான்றிதழ் மதிப்பீடு, பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். சில இடங்களில் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும், சில இடங்களில் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். ஒரே பட்டம், வரவு செலவு நேர்எதிர். விண்ணப்பிக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரெசிடென்சி முடித்தால் எந்த மாநிலத்திலும் உரிமம் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். முடித்த பிறகு எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடுவது நல்லது.

நேர்காணல் இருக்கும் இடங்களில் “ஏன் இந்தத் துறை” என்று கட்டாயம் கேட்பார்கள். “மக்களுக்கு உதவ” என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கண்ணைத் தேய்த்துக்கொள்வார். நீங்கள் பார்த்த ஒரு நோயாளியைச் சொல்லுங்கள்: என்ன நினைத்தீர்கள், எங்கே தவறினீர்கள், பிறகு எப்படித் தெரிந்தது. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்க என்ன கேட்பது

கட்டடத்தையும் சி.பி.சி.டி. (முப்பரிமாண எக்ஸ்-ரே) மெஷினையும் சுற்றிக் காட்டுவார்கள். பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாம் வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது: வாரத்துக்குப் புது நோயாளி எத்தனை, திரும்பி வருபவர் எத்தனை? தினமும் நூறு பேரைப் பார்த்து எல்லாரையும் வேறு பிரிவுக்கு அனுப்பிவைக்கும் இடத்தில் வகைப்படுத்தத்தான் கற்றுக்கொள்வீர்கள். நோய் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரியாது. பல கல்லூரிகளில் இந்தப் பிரிவு மருத்துவமனைக்கே வாசல்படிபோல இயங்குவதால் இந்த ஆபத்து நிஜமானது. முதல் வருடம் முழுக்க நம்பர் போட்டுச் சீட்டு எழுதியே கழிந்தது என்று அந்த மாணவர் சொன்னால், இரண்டாம், மூன்றாம் வருடத்தில் அது மாறுகிறதா என்று கேளுங்கள்.

அடுத்து, பயாப்ஸியை (சோதனைக்காகத் திசுத் துண்டு எடுப்பதை) யார் செய்கிறார்கள்? மாணவரே செய்கிறாரா, அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறதா? திசுவில் ஒளிரும் சாயம் வைத்து நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் இம்யூனோஃபுளோரசன்ஸ் பரிசோதனைக்கு வழி இருக்கிறதா? பொது மருத்துவமனையில் எத்தனை மாதம், எந்தெந்தப் பிரிவில்? பேராசிரியர் நாற்காலி பக்கத்தில் வந்து நோயாளியின் வாயைப் பார்ப்பாரா, கேஸ் ஷீட்டில் கையெழுத்து மட்டும் போடுவாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் அந்த மாணவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தால், பதில் கிடைத்துவிட்டது.

சேர்வதற்கு முந்தைய மாதங்கள்

வாய் நோய்ப் புத்தகங்களை இப்போதே புரட்ட வேண்டாம், மூன்று வருடமும் அதுதான். நமக்கு உண்மையில் பலவீனம் பொது மருத்துவமும் மருந்தியலும். ரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்தால், ஹீமோகுளோபின் குறைவு என்று சொல்வதோடு நிற்கிறோம். சிவப்பணு அளவு சிறிதா பெரிதா என்று பார்த்தால் இரும்புச்சத்துக் குறைவா, பி12 குறைவா என்று ஊகிக்க ஒரு வழி பிறக்கும். வழவழப்பான சிவந்த நாக்கோடு ஒருவர் வரும்போது அதுதான் கைகொடுக்கும். தைராய்டு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள், எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் தன்மை), இவற்றைப் படித்துச் சொல்லத் தெரிந்துகொண்டு போங்கள். சேர்ந்த முதல் வாரமே உபயோகப்படும்.

முதல் ஆறு மாதம்: கேட்கவும் பார்க்கவும்

நான் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா வந்தார், அறுபது வயது இருக்கும். நாக்கு நுனி எரிகிறது, ஒரு வருடமாக. வாயைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. “ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “காலையில எழுந்திருக்கும்போது எரியுதாம்மா, இல்ல போகப் போக அதிகமாகுதா?” “எழுந்திருக்கும்போது இல்லீங்க. சாயங்காலம்தான் தாங்க முடியல.” “சாப்பிடும்போது?” “சாப்பிடும்போது கொஞ்சம் தேவலை.” இரண்டே கேள்வி. எரிவாய் நோய் பெரும்பாலும் அப்படித்தான் பேசும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம். பூஞ்சைத் தொற்று, வறட்சி, பி12, இரும்பு, சர்க்கரை, தைராய்டு, அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து விலக்கிய பிறகே அந்தப் பெயரை வைக்க வேண்டும். ஆனால் “ஒன்றுமில்லை” என்ற சொல்லை அன்றோடு விட்டுவிட்டேன்.

கேஸ் எடுக்கும்போது நோயாளி சொன்ன வார்த்தையிலேயே முதல் வரியை எழுதுங்கள். “எரிச்சல்”, “குத்தல்”, “சுருக்கென்று மின்னல் மாதிரி”, “பாரமாக இருக்கு” என்று ஒவ்வொன்றும் வேறு நோயைக் காட்டலாம். இதை “வலி” என்று சுருக்கிவிட்டால் பாதி நோயறிதல் காகிதத்துக்கு வராமலே போய்விடும்.

பரிசோதனைக்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டு அதை ஒருநாளும் மாற்றாதீர்கள். கழுத்து நிணநீர்க் கட்டிகளில் தொடங்கி, உதடு, கன்னம், அண்ணம், நாக்கு, வாயின் அடித்தளம். நாக்கைக் காஸ் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து, பின்புற ஓரத்தைப் பாருங்கள். புற்றுநோய் விரும்பி உட்காரும் இடம், கண்ணாடியை வைத்து மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத இடம். வாயின் அடித்தளத்தை உள்ளே ஒரு விரல், தாடைக்குக் கீழே மறு கை என்று இரண்டு பக்கமும் வைத்துத் தொட்டுப் பாருங்கள். புண்ணின் அடிப்பகுதி கெட்டியாக இருக்கிறதா என்பதை எந்தப் புகைப்படமும் சொல்லாது, விரல்தான் சொல்லும்.

எழுதும்போது இடம், மில்லிமீட்டரில் அளவு, நிறம், மேற்பரப்பு, ஓரம், அடிப்பகுதி. “பெரிய புண்” என்று எழுதியதை இரண்டு வாரம் கழித்து நீங்களே படித்தால் அது சுருங்கியிருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வீர்கள்? புகைப்படமும் அதே கணக்குத்தான்: எச்சிலைத் துடைத்துவிட்டு, அதே கோணம், அதே வெளிச்சம், பக்கத்தில் ஒரு அளவுகோல். எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். உங்கள் போனில் குடும்பப் படங்களோடு கலந்து வைக்காதீர்கள்.

இரண்டு வார விதியை மறக்காதீர்கள். கூரான பல், உடைந்த பல்செட் என்று காரணம் இருந்தால் அதைச் சரிசெய்து இரண்டு வாரம் பொறுக்கலாம். அதற்கு மேலும் ஆறாத புண்ணுக்குக் களிம்பை மாற்றி மாற்றிக் கொடுப்பது குற்றம். பயாப்ஸிதான். இதில் தந்திரமான பகுதி எதுவென்றால், அந்த நோயாளி இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வர வேண்டும். தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். வரவில்லை என்றால் போன் செய்யுங்கள். நான் ஒரு நீள நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வராதவர்கள் பெயரைப் பார்த்துக் கூப்பிடுவேன். நண்பர்கள் அதை வசூல் நோட்டு என்று கேலி செய்வார்கள்.

பயாப்ஸி: எங்கே வெட்டுவது, எதில் போடுவது

வெட்டுவது எளிது. எந்த இடத்தை எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புண்ணின் நடுவில் எடுத்தால் அழுகிய திசுதான் வரும். ஓரத்தில், நோயும் நல்ல தோலும் சேரும் இடத்தில் எடுங்கள். பெரிய வெள்ளைத் திட்டு என்றால் சிவந்திருக்கும், முடிச்சாக இருக்கும், கெட்டியாக இருக்கும் பகுதி. ஒரே இடத்தில் எடுப்பது போதாமல் போகலாம்.

பெம்ஃபிகஸ், பெம்ஃபிகாய்டு போன்ற கொப்புள நோய் என்று சந்தேகம் வந்தால் இரண்டு துண்டு வேண்டும். ஒன்று வழக்கம்போல 10 சதவீத ஃபார்மலினில். மற்றொன்று புண்ணை ஒட்டிய, பார்வைக்கு நன்றாக இருக்கும் சவ்விலிருந்து எடுத்து மிஷெல் கரைசலில், இம்யூனோஃபுளோரசன்ஸுக்காக. முதல் வருடத்தில் நான் இரண்டையும் ஃபார்மலினிலேயே போட்டுவிட்டேன். ஃபார்மலின் பட்ட திசுவில் அந்தப் பரிசோதனை எடுபடாது. லேபிலிருந்து போன் வந்தபோது நோயாளி ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார். மறுவாரம் வந்தவரிடம் “இன்னொரு தடவை கொஞ்சம் எடுக்கணும்” என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதிலிருந்து, மயக்க ஊசி எடுக்கும் முன்பே இரண்டு பாட்டிலையும் பெயர் ஒட்டித் தட்டில் வைத்துவிடுவேன்.

மெல்லிய திசு பாட்டிலில் சுருண்டுகொள்ளும். ஒரு சிறு காகிதத் துண்டில் விரித்துப் படிய வைத்து, அப்புறம் உள்ளே போடுங்கள். விண்ணப்பத்தில் “வாய்ப்புண், பயாப்ஸி” என்று மட்டும் எழுதி அனுப்பினால் நோய்க்கூறு மருத்துவர் ஊகம்தான் செய்ய முடியும். நாலு வரி எழுதுங்கள், முடிந்தால் நேரில் போய் அவரோடு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். இரண்டு தலை உள்ள மைக்ரோஸ்கோப் இருந்தால் அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

மருந்து எழுதும் கை

இந்தத் துறையில் கத்தி பேனாதான். அதனால் பேனாவுக்குப் பயப்படவும் வேண்டும்.

ஸ்டீராய்டில் தொடங்குவோம். களிம்பில் அடங்கும் நோய்க்கு மாத்திரை கொடுக்காதீர்கள். ஈறில் மட்டும் நோய் இருந்தால், பல்வரிசைக்கு அச்செடுத்து மெல்லிய டிரே செய்து அதில் களிம்பை வைத்துப் போடச் சொல்லலாம். எச்சிலில் கரைந்து ஓடாது. பூஞ்சை வரும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் ஆரம்பிக்கும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய் வரலாறு. நாள்பட்டுச் சாப்பிடுபவர் திடீரென நிறுத்தக் கூடாது என்பதை நோயாளியிடம் மட்டுமல்ல, கூட வந்தவரிடமும் சொல்லுங்கள். “வலி போயிடுச்சு, மாத்திரையை விட்டுட்டேன்” என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் வசனம்.

டாப்சோன் கொடுக்கும் முன் ஜி6பி.டி. நொதி அளவைப் பார்க்க வேண்டும். அசதயோப்ரின் கொடுக்கும் முன் டி.பி.எம்.டி. நொதி. நரம்பு வலிக்குக் கார்பமாசபின் கொடுத்தால் ரத்த அணுக்கள், சோடியம், கல்லீரல். கூடவே, ஆசியாவின் பல பகுதி மக்களிடம் காணப்படும் எச்.எல்.ஏ.-பி 15:02 மரபணு இருப்பவர்களுக்கு அந்த மருந்தால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம். சிறிய அளவில் தொடங்கி ஏற்றுங்கள், தடிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். இந்த மருந்துகளை முதலில் தோல், நரம்பு மருத்துவரோடு சேர்ந்து எழுதிப் பழகுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

முகவலி

மூன்று வருடத்தில் ஒருமுறையாவது இந்தக் காட்சியைப் பார்ப்பீர்கள். மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருக்கும். மூன்றாவதைக் காட்டி, “இதையும் எடுத்துடுங்க டாக்டர், நிம்மதியாப் போயிடும்” என்பார். பல்லைத் தட்டினால் வலிக்காது. மூக்கோரத்தில் பஞ்சை லேசாக வைத்தால் முகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்துபோவார். சில வினாடி, பிறகு ஒன்றுமில்லை. பல் தேய்க்க, முகம் கழுவப் பயப்படுவார். முப்பிரிவு நரம்பு வலி. பல்லில் தெளிவான காரணம் தெரியாமல் பல்லைத் தொடாதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயோ கட்டியோ வேறு நோயோ இருக்கிறதா என்று பாருங்கள். கார்பமாசபினுக்கு அவர் வலி எவ்வளவு கட்டுப்படுகிறது என்பதே நோயறிதலுக்கு ஒரு துணை.

ஐம்பது வயதைத் தாண்டியவர், புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை சோர்ந்து வலிக்கிறது, கொஞ்சம் நிறுத்தினால் சரியாகிறது என்றால் அவசரம். ராட்சத உயிரணுத் தமனி அழற்சியாக இருக்கலாம். பார்வை போய்விடும் நோய் அது. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க அனுப்பி, அன்றே உரிய மருத்துவரிடம் கையோடு சேர்த்துவிடுங்கள். தமனி பயாப்ஸி முடிவுக்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போட மாட்டார்கள். இதை ‘தாடை மூட்டு வலி’ என்று எழுதி ஸ்பிளிண்ட் (பல்லில் மாட்டும் கவசம்) போட்டுக் காத்திருந்தவர்களின் கதை நல்லதாக முடிவதில்லை.

சாதாரணத் தாடை மூட்டு வலிக்கு 2014-இல் வெளிவந்த டி.சி./டி.எம்.டி. என்ற நோயறிதல் அளவுகோலை ஒரு ஐம்பது பேரிடமாவது முறையாகச் செய்து பழகுங்கள். அலுப்பாக இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள்.

பொது மருத்துவமனை மாதங்கள்

பல் கல்லூரிக் கட்டடத்தை விட்டு வெளியே போகும் இந்த மாதங்களைச் சிலர் ஓய்வு காலமாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கிப் போனேன்.

புற்றுநோய்ப் பிரிவில் கற்றுக்கொள்ள வேண்டியது நேரக் கணக்கு. தலை, கழுத்துக்குக் கதிர்வீச்சு தொடங்கப்போகிறது என்றால், எடுக்க வேண்டிய பற்களை முன்கூட்டியே எடுத்து, புண் ஆறச் சுமார் இரண்டு வாரம் விட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு அந்த எலும்பில் கை வைப்பது வேறு கதை. ஆனால் கட்டி உங்களுக்காகக் காத்திருக்காது. “இந்த நாலு பல்லை நாளைக்கே எடுத்துவிடலாம், இந்த இரண்டை வேர் சிகிச்சையில் காப்பாற்றலாம், சிகிச்சை தள்ளிப்போகாது” என்று ஒரே நாளில் சொல்லத் தெரிந்தவரை அந்தப் பிரிவு அடுத்த முறையும் கூப்பிடும்.

ரத்தநோய் வார்டில் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே என்றால் பல் எடுக்கும் முன் அந்த மருத்துவரோடு பேசாமல் ஒன்றும் செய்யாதீர்கள். எலும்பு மருந்துகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். “எலும்புக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா” என்றால் இல்லை என்பார்கள், ஏனென்றால் அது வருடத்துக்கு ஒரு ஊசியாக இருக்கும். அந்த மருந்து எடுத்தவரின் தாடையில், கதிர்வீச்சு வரலாறு இல்லாமல், எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால் அது மருந்தால் வந்த தாடை எலும்பழுகல். இந்த எலும்பு மருந்துகளில் பிஸ்பாஸ்போனேட் எலும்பிலேயே வருடக்கணக்கில் தங்கும், டெனோசுமாப் தங்காது. இரண்டுக்கும் ஒரே திட்டம் போடாதீர்கள். அதே சமயம், டெனோசுமாபை நீங்களாக நிறுத்தவும் சொல்லாதீர்கள். முதுகெலும்பு முறிவு வரும் அபாயம் உண்டு.

இதய நோயாளிகளுக்குத் தடுப்பு ஆன்டிபயாடிக் யாருக்கு வேண்டும் என்ற பட்டியல் 2007-க்குப் பிறகு அமெரிக்க இதயச் சங்க வழிகாட்டுதலில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. செயற்கை வால்வு, முன்பு எண்டோகார்டைட்டிஸ் (இதய உள்சவ்வுத் தொற்று) வந்தவர், சில பிறவிக் குறைபாடுகள் போன்றவை மட்டும். 2021-இல் மருந்துப் பட்டியலிலிருந்து கிளிண்டமைசினையும் எடுத்துவிட்டார்கள். பழைய நோட்ஸை வைத்துப் படிப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

வேறு பிரிவுக்குக் குறிப்பு எழுதும்போது முதல் வரியில் விடையைப் போடுங்கள்: “பல் தொற்று இல்லை, திட்டமிட்டபடி தொடரலாம்.” விளக்கம் கீழே. வார்டு டாக்டருக்கு ஒரு பக்கம் படிக்க நேரம் இருக்காது.

எக்ஸ்-ரே

ரேடியாலஜி சேர்ந்த படிப்பில் ஒரே அறிவுரை: பெயர் வைக்கும் முன் வர்ணியுங்கள். இடம், ஓரம், உள்ளே என்ன, பக்கத்துப் பற்களையும் நரம்புக் குழாயையும் என்ன செய்திருக்கிறது. சி.பி.சி.டி. ஒரு பல்லுக்காக எடுத்தாலும் முழுக் கனஅளவையும் படியுங்கள். கேட்காத இடத்தில் இருப்பதும் உங்கள் பொறுப்புத்தான். நம்மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜை மேசை டிராயரில் வைத்துவிட்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டிராயர் பத்திரமாக இருக்கும்.

தீசிஸ்

எதைப் பற்றி எழுதுவது என்று இணையத்தில் தேடுவதற்கு முன் உங்கள் ஓ.பி. பதிவேட்டைத் திறந்து, மாதத்துக்கு எந்த நோய் எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். மாதத்துக்கு ஒன்று வரும் பெம்ஃபிகஸில் அறுபது பேர் வேண்டும் என்று சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதியவர் கடைசி வருடம் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. பாக்கு மெல்லுவதால் வரும் வாய்த் திசு இறுக்கம் நிறைய வரும் இடம் என்றால், வாய் திறக்கும் அளவை மில்லிமீட்டரில் ஒழுங்காக அளந்து தொடரும் ஒரு எளிய ஆய்வே நல்ல ஆய்வு.

எத்தனை பேர் வேண்டும் என்று புள்ளியியலாளரிடம் ஆரம்பத்திலேயே கேளுங்கள். எல்லாத் தரவும் சேர்த்த பிறகு அவரிடம் போனால் அனுதாபம்தான் கிடைக்கும். நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கு முன் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்காதீர்கள். இந்தியாவில் மருந்து, சிகிச்சை ஒப்பிடும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்னோக்கிப் பதிவு கிடையாது. தொடர் ஆய்வில் பாதிப் பேர் ஆறாம் மாதம் வராமல் போவார்கள். வசூல் நோட்டு அங்கேயும் உதவும்.

தேர்வும் அதற்குப் பிறகும்

எம்.டி.எஸ்.ஸில் முதல் வருட முடிவில் அடிப்படை அறிவியல் தாள், கடைசியில் எழுத்துத் தேர்வு, நோயாளித் தேர்வு, வாய்மொழித் தேர்வு. அமெரிக்காவில் வாரியச் சான்றிதழுக்குத் தனித் தேர்வு. எங்கே எழுதினாலும் தேர்வாளர் சோதிப்பது ஒன்றைத்தான்: ஒரு முடிவுக்கு எப்படி வந்தீர்கள். ஐந்து நோயை வரிசையாக ஒப்பிப்பதைவிட, “இதை முதலில் நினைத்தேன், இந்தக் காரணத்தால் விட்டேன்” என்று சொல்வது எடுபடும். தினசரி கேஸ் ப்ரெசென்டேஷனிலேயே அப்படிப் பேசிப் பழகியவருக்குத் தேர்வு அன்று புதிதாக ஒன்றும் இருக்காது.

வேலை என்று பார்த்தால் கற்பித்தல்தான் பெரிய வாசல். அடுத்து புற்றுநோய் மருத்துவமனைகள், பெரிய பொது மருத்துவமனைகள், ஸ்கேன் மையங்கள். தனியாகக் கிளினிக் வைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நோயாளியை அனுப்புவது மற்ற பல் மருத்துவர்கள். அனுப்பியவருக்கு அன்றே ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும்: என்ன பார்த்தேன், என்ன நினைக்கிறேன், பல் வேலையை நீங்களே தொடரலாம். கடைசி வரி முக்கியம். தங்கள் நோயாளியை நீங்கள் வைத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரிந்தால்தான் அடுத்தவரை அனுப்புவார்கள். ஆரம்பத்தில் வருமானம் மெதுவாகத்தான் ஏறும், அதை வீட்டில் முன்பே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் மாதத்தில் யாரும் சொல்லித்தராத ஒரு வேலை பாக்கி இருக்கும். நீங்கள் தொடர்ந்து பார்த்துவந்த நாற்பது, ஐம்பது பேர். பரிசோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டிய வெள்ளைத் திட்டுக்காரர்கள், ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும் பெம்ஃபிகஸ்காரர், நாக்கு எரியும் அம்மா. பெயர், நோய், கடைசிப் படம், அடுத்த தேதி என்று ஒரு பட்டியல் போட்டு ஜூனியர் கையில் கொடுங்கள். முடிந்தவர்களுக்கு ஜூனியரை நேரில் அறிமுகப்படுத்துங்கள். நான் அப்படிச் செய்தபோது அந்த அம்மா ஜூனியரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவங்களும் சாயங்காலம் எரியுதான்னு கேப்பாங்களா?” என்றார். ஜூனியர் பேனாவை எடுத்து அதை முதல் வரியாக எழுதிக்கொண்டாள்.